லௌடன் கவுண்டியின் வீட்டுக் கணக்கு

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனுக்கு வடமேற்கே, வர்ஜீனியா மாகாணத்தின் வடகோடியில், ஒருபுறம் பொடோமாக் நதியும் மறுபுறம் நீலமலைத் தொடரும் எல்லை வகுக்க, சுமார் 520 சதுர மைல் விஸ்தீரணத்தில் பரந்து கிடக்கிறது லௌடன் கவுண்டி. கவுண்டி என்பதை நம் ஜில்லாவோடு ஒருவாறு ஒப்பிடலாம். ஆயினும் நம் ஜில்லாவை நிர்வகிப்பவர் சர்க்கார் நியமித்து அனுப்பும் கலெக்டர். அங்கோ, ஜனங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மேற்பார்வையாளர் சபை ஒன்று, வீட்டுவரியை நிர்ணயிப்பது முதல் எந்த நிலத்தில் எத்தனை வீடுகள் எழும்பலாம் என்று விதிப்பது வரை பெரும்பாலான உள்ளூர் விவகாரங்களைத் தன் கையில் வைத்திருக்கிறது. வரி வாங்குகிறவர்களும் வீடு கட்ட அனுமதி கொடுக்கிறவர்களும் ஒரே ஆட்கள் என்ற இந்த விஷயத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், அமெரிக்காவிலேயே மிகுந்த வருமானமுள்ள இந்தக் கவுண்டியில் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கு வீடு கிடைப்பது ஏன் அரிதாயிற்று என்பது தானே விளங்கிவிடும்.

1757-ஆம் ஆண்டில் அமைந்த இக்கவுண்டி, அடுத்த இருநூறு ஆண்டுகளைப் பசுக்களோடும் குதிரைகளோடும் கழித்தது என்றால் அது மிகையாகாது. 1960-இல் அதன் ஜனத்தொகை 24,549. நம் ஊர்க் கணக்கில் ஒரு சிறு டவுனுக்குப் போதுமான ஜனம். அவ்விடத்துப் பால்பண்ணைக்காரர்களின் மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே, பக்கத்துக் கவுண்டியிலும் சற்றே கால் வைத்தபடி, தலைநகருக்கென ஒரு பெரிய விமான நிலையம் அமைக்க மத்திய சர்க்கார் தீர்மானித்தது. அதற்காக வில்லார்டு என்ற, பெரும்பாலும் கறுப்பின மக்கள் வாழ்ந்த கிராமம் 1958-இல் அப்புறப்படுத்தப்பட்டது. 1962 நவம்பரில் ஜனாதிபதி கென்னடி அவ்விமான நிலையத்தைத் திறந்து வைத்தார். ஏரோ சாரினன் என்ற கட்டடக்கலை மேதை வடிவமைத்த அந்த டல்லஸ் நிலையத்தின் வளைந்த கூரையைப் புகழாதவர் இல்லை. அது கட்டப்பட்டபோது இத்தனை தொலைவுக்கு யார் வரப்போகிறார்கள் என்று கேட்டவர்களும் உண்டு. வந்தவர்கள் எத்தனை பேர் என்பதை ஜனத்தொகைக் கணக்கே சொல்லட்டும்: 1990-இல் 86,129, 2000-இல் 1,69,599, 2010-இல் 3,12,311, 2020-இல் 4,20,959.

முதலில் குடியேற்றம் நிகழ்ந்தது விமான நிலையத்தை ஒட்டிய கிழக்குப் பகுதியில்தான். 1960-களின் துவக்கத்தில் ஸ்டெர்லிங் பார்க் என்ற பெயரில், மத்தியதர வர்க்கத்தாருக்கென, ஒரே மாதிரியான சிறு வீடுகள் ஆயிரக்கணக்கில் எழும்பலாயின. அவ்வீடுகளைக் கறுப்பினத்தாருக்கு விற்பதில்லை என்பது ஆரம்ப காலத்து ஏற்பாடு. அதை எதிர்த்து மறியல்களும் நடந்தன. 1968-இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டம் அந்த அநீதிக்கு, ஏட்டளவிலேனும், முற்றுப்புள்ளி வைத்தது. அதே ஸ்டெர்லிங் இன்று மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்கள் நிறைந்த இடமாக இருக்கிறது. சுவருக்கு வர்ணம் அடிப்பவரும் புல் வெட்டுபவரும் உணவகத்தில் சமைப்பவரும் கவுண்டியிலேயே குடியிருக்க இடமுண்டு என்றால், அது பெரும்பாலும் அந்தப் பழைய சிறு வீடுகளில்தான். 2007-க்குப் பின் வீட்டுக்கடன் சந்தை சரிந்தபோது, வங்கிகள் கடனுக்காகக் கைப்பற்றிய வீடுகள் கவுண்டியில் அதிகமாகக் காணப்பட்டதும் அந்தப் பக்கத்தில்தான்.

உண்மையான வெள்ளம் 1990-களின் நடுவில் வந்தது. 1995-இல் லீஸ்பர்க் நகரிலிருந்து விமான நிலையம் வரை 14 மைல் நீளத்துக்கு, தனியார் முதலீட்டில், டல்லஸ் கிரீன்வே என்ற சுங்கச் சாலை திறக்கப்பட்டது. மறுவருஷம் அமெரிக்கா ஆன்லைன் கம்பெனி தன் தலைமைக் காரியாலயத்தை அவ்விமான நிலையத்துக்கு அருகே கொண்டுவந்தது. இன்டர்நெட்டின் போக்குவரத்துகள் ஒன்றோடொன்று சந்திக்கும் கேந்திரங்களும் அதே வட்டாரத்தில், ஆஷ்பர்னில், வந்து குடிகொண்டன. வேலை வந்தது, சாலை வந்தது, நிலமோ மலிவாயிருந்தது. பண்ணைக்காரருக்கு மாடு கறப்பதைவிட நிலத்தை விற்பதே ஆதாயமாயிற்று. ஆஷ்பர்ன் வில்லேஜ், பிராட்லாண்ட்ஸ், பிராம்பிள்டன், சவுத் ரைடிங் என்று ஒவ்வொரு பெரும் பண்ணையும் ஒரு திட்டமிட்ட குடியிருப்பாக அவதாரம் எடுத்தது.

இக்குடியிருப்புகளின் அமைப்பைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்கும் மூன்றடுக்கு வீடுகளுக்கு ‘டவுன்ஹவுஸ்’ என்று பெயர். தனித்து நிற்கும் வீடு அதற்கு அடுத்த படி. இளந் தம்பதிகள் முன்னதில் தொடங்கி, பிள்ளைகள் பள்ளி செல்லும் வயதில் பின்னதற்குப் போக ஆசைப்படுவது அங்கே ஒரு ஜீவித கிரமம் என்றே சொல்லலாம். நீச்சல் குளம், விளையாட்டு மைதானம், மரங்கள் அணிவகுத்த நடைபாதை எல்லாம் உண்டு. ஆனால் அவை நகரசபையின் உடைமைகள் அல்ல, வீட்டுடைமையாளர் சங்கத்தின் உடைமைகள். அச்சங்கத்துக்கு மாதந்தோறும் நூறு, இருநூறு டாலர் சந்தா கட்டவேண்டியது வீட்டுப் பத்திரத்தோடு வரும் கட்டாயம். வாசற்கதவுக்கு என்ன வர்ணம் பூசலாம், வேலி எத்தனை அடி உயரம் இருக்கலாம், குப்பைத் தொட்டியை எந்த நேரத்தில் வெளியே வைக்கலாம் என்பதையெல்லாம் அது விதிகளாக எழுதி வைத்திருக்கிறது. எங்கும் கட்டுப்பாடில்லாத சுதந்திரத்தைக் கொண்டாடும் தேசத்தில் சொந்த வீட்டுக் கதவுக்கு ஒரு குழுவின் சம்மதம் கேட்கும் வழக்கம் நிலைபெற்றிருப்பது வேடிக்கைதான். பக்கத்து வீட்டுக்காரனின் ரசனை தன் வீட்டு விலையைக் குறைத்துவிடுமோ என்ற பயம் அதற்கு அஸ்திவாரம்.

இக்குடியிருப்புகளில், முக்கியமாக ஆஷ்பர்ன், பிராம்பிள்டன், சவுத் ரைடிங் பகுதிகளில், இந்தியக் குடும்பங்கள் ஏராளம். கவுண்டி ஜனங்களில் ஐந்தில் ஒருவர் ஆசிய வம்சத்தவர். அவர்களில் இந்தியர்களே அதிகம். தெலுங்கர்கள் மிகுதியாகவும் தமிழர்கள் கணிசமாகவும் இருக்கிறார்கள். கவுண்டியின் பள்ளிகளுக்குத் தீபாவளி ஒரு விடுமுறை நாள். 2024-இல் இப்பிரதேசத்திலிருந்து அமெரிக்கப் பிரதிநிதி சபைக்குத் தேர்வானவர் சுகாஸ் சுப்ரமணியம் என்ற இந்திய வம்சாவளியினர். நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பித்து, அது எந்த வருஷத்தில் கைக்கு வரும் என்று தெரியாத நிலையிலும், முப்பது வருஷக் கடனில் வீடு வாங்கிவிடுகிற துணிவை இவர்களிடம் காணலாம். வேலை போனால் குறுகிய அவகாசத்துக்குள் வேறு வேலை தேடியாக வேண்டும், இல்லையேல் தேசத்தைவிட்டே புறப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒருவர் ஏழு, எட்டு இலட்சம் டாலர் வீட்டுக்குக் கையெழுத்திடுகிறார் என்றால், அதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம் பள்ளிக்கூடம். எந்த வீட்டு விலாசம் எந்தப் பள்ளிக்கு உரியது என்பது அங்கே எல்லைக்கோடு போட்டு வகுக்கப்பட்டிருக்கிறது. புதுப் பள்ளி திறக்கும்போதெல்லாம் கோடுகளை மாற்றி வரைவார்கள். அக்கூட்டங்களில் கிளம்பும் கோபாவேசத்தை, தேர்தல் கூட்டங்களில்கூடக் காண முடியாது.

பள்ளியைப் பற்றிச் சொல்ல வந்ததும் கவுண்டியின் கணக்குப் புஸ்தகத்தைத் திறந்தாக வேண்டும். ஏழரை இலட்சம் டாலர் மதிப்புள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 2025-இன் விகிதப்படி ஒவ்வொரு 100 டாலர் மதிப்புக்கும் 80.5 சென்ட் வரி. ஆக வருஷத்துக்கு ஏறக்குறைய 6,040 டாலர். அவ்வீட்டிலிருந்து இரண்டு பிள்ளைகள் அரசாங்கப் பள்ளிக்குப் போகிறார்கள் என்றால், பிள்ளை ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஆகும் செலவு சுமார் 20,000 டாலர். மாகாண சர்க்கார் ஒரு பங்கு கொடுக்கிறது என்பது வாஸ்தவம். அதைக் கழித்த பிறகும் வீடு செலுத்தும் வரி பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு எட்டாது. சாலை, போலீஸ், தீயணைப்பு, நூல் நிலையம் இவை தனி. எனவே, கணக்கப்பிள்ளையின் கண்ணால் பார்த்தால், ஒவ்வொரு புதுக் குடும்பமும் கவுண்டிக்கு ஒரு நஷ்டம். 80,000-க்கு மேற்பட்ட மாணவர்களுக்குப் பள்ளி நடத்தும் ஒரு ஸ்தாபனம், குழந்தை பெறும் வயதிலுள்ளவர்களுக்குத் தகுந்த வீடுகளை அனுமதிக்கத் தயங்குவதன் ரகசியம் இதுவே. வீட்டைக் கட்டும் கம்பெனிகளிடமிருந்து பள்ளிக்கும் சாலைக்குமென முன்கூட்டியே பணமும் நிலமும் வாங்கிக்கொள்வது வழக்கம். அந்தச் சுமையும் கடைசியில் வாங்குகிறவர் தலையில்தான் ஏறுகிறது.

இத்தயக்கம் அரசியலாகவும் வெடித்தது. வயல்கள் மறைவதைப் பொறுக்காதவர்கள் ஒன்றுகூடி, கட்டற்ற விஸ்தரிப்பை நிறுத்துவோம் என்ற ஒரே கோஷத்தின்மீது 1999 தேர்தலில் மேற்பார்வையாளர் சபையைக் கைப்பற்றினார்கள். அச்சபை 2003 ஜனவரியில், கவுண்டியின் மேற்குப் பகுதியில் பத்து, இருபது, ஐம்பது ஏக்கருக்கு ஒரு வீடு என்று நிலத்தின் வீட்டுரிமையைச் சுருக்கிவிட்டது. நிலச் சொந்தக்காரர்கள் நூற்றுக்கணக்கில் வழக்குத் தொடுத்தார்கள். அதே வருஷக் கடைசியில் நடந்த தேர்தலில் ஜனங்கள் அச்சபையையே மாற்றிவிட்டார்கள். 2005-இல் வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. இதில் ரசமான அம்சம் ஒன்றுண்டு: விதிகள் நியாயமா அநியாயமா என்ற கேள்வி தீர்ப்பில் எழவேயில்லை, பத்திரிகையில் வெளியிட்ட அறிவிப்பு, செய்யப்போகும் மாற்றத்தைப் போதுமான அளவு விவரிக்கவில்லை என்பதே காரணம். பிறகு 2006-இல் அவ்விதிகள் சற்றுத் தளர்ந்த உருவில் மீண்டும் வந்தன. இன்றும் கவுண்டியின் மூன்றில் இரண்டு பங்கு நிலம் கிராமப்புறமாகவே பாதுகாக்கப்படுகிறது. மிடில்பர்க்கின் குதிரைப் பண்ணைகளும், க்வேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நிறுவிய வாட்டர்போர்டு கிராமமும், திராட்சைத் தோட்டங்களும் அங்கே கண்ணுக்கு இனிமையாக இருக்கின்றன. ஆனால் இருபது ஏக்கருக்கு ஒரு வீடு என்றால், அந்த அழகை அனுபவிக்கக் கூடியவர் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நிலம் சுருங்கினால் விலை ஏறும். அதற்குமேல் வட்டியும் ஒரு விபரீதத்தைச் செய்திருக்கிறது. நம் நாட்டு வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவற்றுக்கு வட்டி அவ்வப்போது மாறும். அமெரிக்காவிலோ முப்பது வருஷமும் மாறாத வட்டியே சகஜம். 2021-இல் அது 3 சதவிகிதத்துக்கும் கீழே இருந்தது. 2023-இல் 7 சதவிகிதத்தைத் தாண்டி எட்டை நெருங்கிற்று. ஆறு இலட்சம் டாலர் கடனுக்கு 3 சதவிகித வட்டியில் மாதத் தவணை சுமார் 2,530 டாலர். 7 சதவிகிதத்தில் சுமார் 3,990. மலிவான வட்டியில் வாங்கியவர், குடும்பம் பெருத்தாலும் சரி, பிள்ளைகள் பிரிந்து வீடு வெறிச்சோடினாலும் சரி, அதை விட்டு நகர மறுக்கிறார். விற்பனைக்கு வரும் வீடுகள் குறைகின்றன. வருவனவற்றுக்குப் போட்டி மிகுகிறது. வட்டி ஏறினால் விலை இறங்கும் என்ற பாடப் புஸ்தக சூத்திரம் இங்கே பலிக்கவில்லை. சராசரி வீடு ஏழு இலட்சம் டாலரைக் கடந்து நிற்கிறது. நடுத்தரக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,70,000 டாலருக்கு மேல் என்று புள்ளிவிவரம் சொல்லும்போது அது பெரிய தொகையாகத் தோன்றும்; ஆனால் அது பெரும்பாலும் கணவன், மனைவி இருவர் சம்பளம். ஒருவர் வேலை நின்றால் தவணை நிற்காது.

வருஷத்துக்கு அறுபதினாயிரம் டாலர் சம்பளத்தில் தொடங்கும் இளம் ஆசிரியை ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். மாதம் 5,000, அதில் பத்தில் மூன்று பங்குக்கு மேல் குடியிருப்புக்குச் செலவிடலாகாது என்பது அந்நாட்டு வழக்கமான அளவுகோல், ஆக 1,500. இரண்டு அறை கொண்ட வாடகைக் குடியிருப்புக்கே இரண்டாயிரத்துக்குக் குறையாது. ஆகவே ஆசிரியைகளும் போலீஸ்காரர்களும் செவிலியரும் மலைத் தொடரைக் கடந்து அடுத்த மாகாணமான மேற்கு வர்ஜீனியாவில் வீடு பார்க்கிறார்கள். அதிகாலையில் அங்கிருந்து கிளம்பும் வண்டிகளின் வரிசை, 9-ஆம் எண் சாலையில், ஹில்ஸ்பரோ என்ற சின்னஞ்சிறு கிராமத்தின் கல் வீடுகளின் ஊடே ஊர்ந்து வருவது நெடுங்காலக் காட்சி. பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லக் கவுண்டிக்குள் வருபவர், தம் பிள்ளையை அங்கே படிக்க வைக்க முடியாதவராக இருக்கிறார்.

கவுண்டி இதை அறியாமலில்லை. 1993 முதலே, பெரிய குடியிருப்பு கட்டுகிறவர்கள் ஒரு பங்கு வீடுகளைக் குறைந்த வருமானத்தாருக்கென நிர்ணயித்த விலையில் தரவேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. 2021-இல் ஒரு விரிவான திட்டம் வகுத்து, 2040-க்குள் 16,000 வீடுகளை எட்டத்தக்க விலையில் உண்டாக்குவது என்று இலக்கு வைத்தார்கள். ஆனால் வர்ஜீனியாவில், மாகாண சட்டசபை வெளிப்படையாகக் கொடுத்த அதிகாரத்துக்கு மேல் கவுண்டி ஓர் அங்குலமும் போக முடியாது என்பது பழைய நீதிக் கோட்பாடு. வாடகைக்கு உச்சவரம்பு போடுவது போன்ற துணிகரங்களுக்கு அங்கே இடமில்லை. அதைவிடப் பெரிய தடை, ஏற்கெனவே வீடு வாங்கியவர்கள். கூட்டத்துக்கு வந்து, மலிவான வீடுகள் தேவைதான், ஆனால் எங்கள் தெரு முனையில் வேண்டாம், பள்ளி நெரிசலாகும், சாலை தாங்காது என்று பேசுவார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. அவர்கள் வந்தபோதும் வேறு யாரோ இதையே பேசியிருப்பார்கள்.

இவ்வளவு செலவையும் ஈடுகட்ட, பிள்ளை இல்லாத குடித்தனக்காரர் ஒருவர் கிடைத்தால் கவுண்டி எவ்வளவு மகிழும்! கிடைத்தார். கணினிகளைப் பல்லாயிரக் கணக்கில் அடுக்கி வைத்து இரவும் பகலும் இயக்கும் டேட்டா சென்டர்கள் இன்று லௌடனில் ஏறத்தாழ இருநூறு. உலக இன்டர்நெட் போக்குவரத்தில் பத்தில் ஏழு பங்கு இவ்வழியே செல்கிறது என்று பெருமையடித்துக்கொள்வார்கள். எண்ணிப் பார்த்தவர் எவருமில்லை, ஆகையால் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வரிக் கணக்கு மட்டும் சந்தேகத்துக்கு இடமற்றது. கட்டடத்துக்கு வீட்டுவரி போன்ற வரி. உள்ளே இருக்கும் யந்திரங்களுக்கோ ஒவ்வொரு 100 டாலர் மதிப்புக்கும் நாலு டாலருக்கு மேல். யந்திரங்களைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை புதிதாக மாற்றுகிறார்கள். எனவே வரியும் ஓயாமல் புதுப்பிக்கப்படுகிறது. அவை பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புவதில்லை, சாலையை நெரிப்பதில்லை. கவுண்டியின் பொது வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவற்றிடமிருந்தே வருகிறது. 2012-இல் 100 டாலருக்கு 1.235 டாலராக இருந்த வீட்டுவரி, 2025-இல் 80.5 சென்டாக இறங்கியதன் காரணம் இதுதான். நாம் எடுத்துக்கொண்ட அந்த ஏழரை இலட்சம் டாலர் வீட்டுக்குப் பழைய விகிதத்தில் 9,260 டாலர் கட்டவேண்டியிருக்கும்.

இந்த இலாபத்துக்கு ஈடாகக் கொடுத்ததும் உண்டு. டேட்டா சென்டர் கம்பெனிகள் ஏக்கருக்குப் பத்து, இருபது இலட்சம் டாலரையும் தாண்டிக் கொடுக்கத் தயாராக இருக்கும்போது, வீடு கட்டுகிறவர் அந்த நிலத்தை ஏறிட்டும் பார்க்க முடியாது. மலிவான வீடு கட்டுகிறவரைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஜன்னலற்ற பிரம்மாண்டமான சுவர்கள் டவுன்ஹவுஸ் வரிசைகளின் கொல்லைப்புறத்தில் எழுந்து நிற்கின்றன; குளிர்விக்கும் விசிறிகளின் முழக்கம் உறக்கத்தைக் கெடுக்கிறது; மின்சாரம் நின்றால் இயங்குவதற்கான டீசல் யந்திரங்களைச் சோதித்துப் பார்க்கும் நாட்களில் புகைநெடி வேறு; அவற்றுக்கு மின்சாரம் கொண்டுவரும் உயர்ந்த கம்பங்கள் யார் வீட்டருகே போகவேண்டும் என்பது இப்போது ஊர் முழுதும் நடக்கும் சச்சரவு.

2012-இல், ஐந்துக்கு நாலு என்ற மயிரிழை வாக்கு வித்தியாசத்தில், வாஷிங்டனின் மெட்ரோ ரயிலைக் கவுண்டிக்குக் கொண்டுவர மேற்பார்வையாளர் சபை சம்மதித்தது. பத்து வருஷங் கழித்து, 2022 நவம்பர் 15-இல், ரயில் ஆஷ்பர்ன் வரை வந்து சேர்ந்தது. ரயில் நிலையத்தைச் சுற்றி நெருக்கமான அடுக்குமாடி வீடுகள் எழும்பும், காரும் சுங்கமும் இல்லாமலே ஜனங்கள் வேலைக்குப் போவார்கள் என்பது அதன் பின்னிருந்த கனவு. ஆஷ்பர்ன் நிலையத்தருகே அக்கனவு ஓரளவு உருப்பெற்று வருகிறது. அதற்கு முந்தைய லௌடன் கேட்வே நிலையமோ, விமானங்களின் இரைச்சல் வளையத்துக்குள் சிக்கியிருப்பதால், அங்கே மனிதர் குடியிருக்க அனுமதியே இல்லை. கணினிகளுக்கு இரைச்சல் ஒரு பொருட்டல்லவாகையால் அவை தாராளமாகக் குடியேறியிருக்கின்றன.

பல வட்டாரங்களில் டேட்டா சென்டர் கட்டுவதற்குப் பொது விசாரணை எதுவும் தேவைப்படாத நிலையே நெடுங்காலம் இருந்துவந்தது. நிலம் வாங்கினவர் வரைபடத்தைக் கொடுத்துக் கட்டத் தொடங்கலாம். 2025 மார்ச்சில் மேற்பார்வையாளர் சபை அந்த உரிமையை நீக்கி, இனி ஒவ்வொன்றும் ஜனங்கள் முன்னிலையில் விசாரணைக்கு வந்தே அனுமதி பெறவேண்டும் என்று விதித்தது. ஏற்கெனவே விண்ணப்பித்தவர்கள் பலருக்கு விலக்கும் அளித்தது. அடுத்த மாதமே அதே சபை வீட்டுவரியை 86.5 சென்டிலிருந்து 80.5 சென்டாகக் குறைத்தது. குறைத்ததற்கான பணம் எங்கிருந்து வந்தது என்பது அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.